கணினி அறிவியலை எங்கே படிப்பது: மொழியியல் ஆர்வத்தையும் கைவிடாமல் இருக்க எந்த நிறுவனம் இடம் தரும்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தென்காசிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் என் கட்-ஆஃப் 200க்கு 199.5 என்பதால், கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைத்துவிடும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்விலும் தேறி, கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்புக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. நடத்தும் தேர்வும் நேர்காணலும் முடிந்து, அங்கே கணினி மொழியியல் இரட்டைப் பட்டப் படிப்பிலும் இடம் வந்திருக்கிறது.

கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. என் குழப்பம் அதனோடு சேர்ந்து வரும் மற்ற ஆர்வங்களைப் பற்றியது. பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் புணர்ச்சி விதிகளை நடத்தியபோது, மரம் என்பதோடு கிளை சேர்ந்தால் மரக்கிளை என்றும், வேர் சேர்ந்தால் மரவேர் என்றும் ஆவதற்கு அவர் சொன்ன விதிகளை அப்படியே பைத்தானில் எழுதிப் பார்த்தேன். விதிகளின் வரிசையை மாற்றினால் விடை தவறாக வந்தது. இலக்கணம் எழுதியவர்கள் அந்த வரிசையையும் எண்ணியே எழுதினார்களா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அன்றிலிருந்து மொழியியல் நூல்களைத் தேடிப் படித்து வருகிறேன். கல்வெட்டுகளின் மீதும் ஆசை உண்டு. கணிதமும் மிகவும் பிடிக்கும். இவற்றுள் எது கடைசி வரை நிலைக்கும் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் நான். அப்பா சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். "எங்கே வேண்டுமானாலும் படி, பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்கிறார். இந்த மூன்று இடங்களையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


கிண்டிக்காரன் எழுதியது:

வாழ்த்துகள், தங்கையே. நான் கிண்டியில் கணினி அறிவியல் படித்து, இப்போது சென்னையில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன்.

முதலில், நீங்கள் முதல் பட்டதாரி என்பதை விண்ணப்பத்தில் குறிப்பிட்டு, அதற்கான சான்றிதழையும் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையை அரசு தருகிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் கட்டணம் அதனால் இன்னும் குறையும். விடுதிச் செலவும் உணவுச் செலவும்தான் பெரிதாக நிற்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பி.இ. பாடத்திட்டத்துக்குள் மொழியியலுக்கு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்தக் கிளையில் சேர்ந்தாலும் முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகியவை உண்டு. அதன் பிறகு தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், கணினி வலையமைப்பு என்று துறைப்பாடங்கள் தொடர்ந்து வரும். பிற துறைகளிலிருந்து விருப்பப்பாடம் எடுக்க அனுமதி இருந்தாலும், அத்தகைய இடங்கள் சிலவே. அவையும் பெரும்பாலும் பின் பருவங்களில்தான் வரும். பிற்பகல்கள் ஆய்வகத்தில் கழியும். ஏழாம் பருவம் தொடங்கும்போதே வளாக நேர்காணல் வந்துவிடுவதால், அதற்கு முந்தைய கோடை விடுமுறையும் பயிற்சியில் போய்விடும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் நான் கிண்டியைத்தான் பரிந்துரைப்பேன். கால அட்டவணை தராததை அந்த வளாகமும் சுற்றுப்புறமும் தரும். கணினி அறிவியல் துறைக்குள்ளேயே தமிழ்க் கணிமைக்கென்று டாகோலா என்ற ஆய்வகம் செயல்பட்டிருக்கிறது. தமிழ் உருபனியல் பகுப்பாய்வு (சொற்களை அவற்றின் உறுப்புகளாகப் பிரித்தறிதல்), தேடுபொறி, இணைய அகராதி முதலியவற்றில் அங்கே பணிகள் நடந்திருக்கின்றன. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் தமிழ் மொழிச் செயலாக்கத்தில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கல்லூரிக்கு மிக அருகில் இருக்கின்றன. தரமணிக்குப் போனால் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. இறுதியாண்டுத் திட்டப்பணியைத் தமிழ் மொழி சார்ந்து அமைத்துக்கொள்ளவும் முடியும். தேடிப்போகும் மனம் இருந்தால் போதும்.


ஐதராபாத்திலிருந்து எழுதியது:

மேலே சொன்ன அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. தேடிப்போகும் மனம் எல்லோருக்கும் முதலாண்டில் இருக்கிறது. வாரம் முழுவதும் வகுப்பும் ஆய்வகமும் பதிவேடும் என்று ஓடும் வாழ்க்கையில் அது மூன்றாமாண்டு வரை தாக்குப்பிடிப்பது அரிது. ஆர்வம் தேர்வுத்தாளாகவும் மதிப்பெண்ணாகவும் உருவெடுத்தால்தான் அதற்கு நேரம் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

நான் நீங்கள் சொல்லும் இரட்டைப் பட்டத்தைப் படித்தவன். கணினி அறிவியலில் பி.டெக்., கணினி மொழியியலில் ஆய்வு வழி எம்.எஸ். என இரண்டு பட்டங்கள், ஐந்தாண்டுகள். பி.டெக். மட்டும் படிக்கும் மாணவர்களோடு அமர்ந்து படிநிரல்களையும் (அல்காரிதம்) இயங்குதளங்களையும் படிக்கும் அதே பருவங்களில் ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என்று மொழியின் ஒலி, சொல், தொடர், பொருள் ஆகியவற்றின் அமைப்பை ஆராயும் பாடங்களையும் முறையாகப் படிப்போம். பின்னர் மொழித் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் ஒரு பேராசிரியரின் கீழ் சேர்ந்து ஆய்வேடு எழுத வேண்டும். இந்தி மொழிக்கான மர வங்கியை, அதாவது ஒவ்வொரு வாக்கியத்தின் இலக்கண அமைப்பையும் குறித்து வைத்த தொகுப்பை, வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவைச் சொல்லும் பாணினியின் காரகக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு அமைத்த மையம் அது. பழைய இலக்கண நூல் ஒன்றின் கருத்துகளைக் கணினிக்குரிய வடிவில் எழுத முடியுமா என்ற கேள்வியைச் சுற்றியே அங்கு ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. உங்கள் பதினொன்றாம் வகுப்புக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பயனும் உண்டு. தெலுங்கு, வங்காளம், மலையாளம், இந்தி பேசும் மாணவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். தமிழுக்கே உரியது என்று நாம் எண்ணியிருக்கும் பல கூறுகள் அண்டை மொழிகளிலும் இருப்பதையும், பொதுவானவை என்று எண்ணியவை தமிழில் மட்டும் இருப்பதையும் அங்கேதான் அறிந்துகொண்டேன்.


ஏட்டுக்கணக்கு எழுதியது:

பாடத்திட்டத்தைப் பற்றி இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் தணிக்கைத் துறையில் இருப்பவன். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அப்பா பார்த்துக்கொள்வார் என்ற ஒரு வரியோடு இதைக் கடந்துவிடக் கூடாது.

ஐதராபாத்தில் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுகளுக்கு இருபது லட்சம். அதை முழுவதும் கல்விக் கடனாக வாங்கி, 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் திருப்பிச் செலுத்துவதானால், மாதத் தவணை ஏறத்தாழ 26,000 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் கீழ், தரவரிசையில் இடம்பெற்ற நிறுவனங்களில் சேருவோருக்குப் பிணையில்லாக் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் மூன்று விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. அதையும் விசாரியுங்கள். ஆனால் அசல் அசல்தான்.

இப்போது இதை உங்கள் ஆர்வத்தோடு வைத்துப் பாருங்கள். மொழியியலில் முனைவர் பட்டம் செய்ய விரும்புகிறீர்கள் என்றால், இளநிலை ஆய்வு உதவித்தொகை இன்று மாதம் 37,000 ரூபாய். அதில் 26,000 தவணைக்குப் போனால் எப்படி வாழ்வது? கடன் இருப்பவர் பட்டம் பெற்றதும் அதிகச் சம்பளம் தரும் வேலைக்குத்தான் போயாக வேண்டும். மொழியியலுக்காகவே வாங்கிய கடன் மொழியியலை விட்டு விலக்கிவிடும் நிலை வரலாம். ஆர்வங்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்று கேட்பவர், பட்டம் பெறும் நாளில் தன் பெயரில் எவ்வளவு கடன் இருக்கும் என்பதையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

ஐதராபாத்தில் கட்டண உதவி கிடைக்குமா என்று இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரிய அளவில் உதவி கிடைத்தால் நான் சொன்ன கணக்கு முழுவதும் மாறிவிடும்.


சிறுசேரி எழுதியது:

சென்னை கணிதவியல் கழகத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. அங்கே மூன்றாண்டுகள் படித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்திருப்பது மிகக் குறைவு.

1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாகத் தொடங்கி, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த சிறிய நிறுவனம் அது. இளநிலை வகுப்பில் சேருவோர் மிகச் சிலரே. பேராசிரியர்களுக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும். முதற்பருவத்தில் நிரலாக்கத்தை ஹாஸ்கல் மொழியில் கற்பிக்கிறார்கள். பைத்தானில் பழகி வருபவருக்கு அது முதலில் புரியாது; புரிந்த பிறகு, நிரல் என்பதே ஒரு கணிதச் சார்பு என்ற பார்வை மனத்தில் பதிந்துவிடும். இயற்கணிதம், பகுப்பாய்வு, எண்ணற்ற நிறுவல்கள் (கணித நிரூபணங்கள்), பிறகு கணிமைக் கோட்பாடு, படிநிரல் வடிவமைப்பு, ஏரணம் (தர்க்கம்) என்று போகும். தொடர்களை விதிகளால் ஆக்கவும் அறியவும் உதவும் கணித வடிவங்களான முடிவுறு நிலை எந்திரங்களும் சூழல்சாரா இலக்கணங்களும் அங்கே வெறும் ஒரு தாளாக வந்து போகாமல் ஆழமாக நடத்தப்படும். புணர்ச்சி விதிகளை எழுதிப் பார்த்தவருக்கு அவை எவ்வளவு நெருக்கமானவை என்பது அந்த வகுப்பில் உட்காரும்போது தெரியும்.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுவல் எழுதுவதில் உண்மையான மகிழ்ச்சி இல்லாதவர் அங்கே மிகவும் துன்பப்படுவார். பள்ளியில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியதற்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. நுழைவுத் தேர்வின் விரிவான விடைக் கேள்விகளை எழுதும்போது நேரம் போனதே தெரியாமல் இருந்ததா, அல்லது எப்போது முடியும் என்று இருந்ததா? அந்த விடைதான் உங்களுக்கு வழிகாட்டும்.

பிற ஆர்வங்களைப் பற்றிச் சொல்வதானால், அந்தக் கழகத்தை நிறுவிய சி. எஸ். சேஷாத்ரி இயற்கணித வடிவியலில் உலகப் புகழ் பெற்றவர். அவர் கருநாடக இசையையும் முறையாகப் பயின்று பாடியவர். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அங்கே வியப்பாகப் பார்க்கப்படவில்லை. ஆனால் மொழியியல் பாடமாக அங்கே கிடைக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம். கிடைப்பது நேரமும் அமைதியும். பொறியியல் கல்லூரியின் ஆய்வகப் பிற்பகல்கள் அங்கே இல்லை. பெரும்பாக்கத்தில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் சிறுசேரியிலிருந்து அதிக தொலைவில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ள மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள்.

மூன்றாண்டுப் பட்டம் என்பதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. இருபது, இருபத்தொரு வயதில் அடுத்தது என்ன என்று மறுபடி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வருகிறது. எம்.எஸ்சி.க்குப் போகலாம், சிலர் அங்கிருந்து நேரடியாக வெளிநாட்டு முனைவர் படிப்புக்கும் போயிருக்கிறார்கள். மறுபுறம், நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் சில படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. பி.எஸ்சி. முடித்தவுடன் வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்ற குடும்பச் சூழ்நிலை இருந்தால், பொறியியல் பட்டம் அளவுக்கு அது எளிதாக இருக்காது.


மாடக்குளம் எழுதியது:

மகளே, நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். கணினியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. இலக்கணத்தைப் பற்றிப் பேசலாம்.

நீ கேட்ட கேள்விக்கு நன்னூலிலேயே விடை இருக்கிறது. மகர ஈற்றைப் பற்றிய நூற்பா, அந்த ஒற்று அழிந்து 'உயிரீறு ஒப்பவும்', அதாவது உயிரீறு போலவும், ஆகும் என்று சொல்கிறது. மரம் என்பது முதலில் மர என்றாகிறது. அதற்குப் பிறகுதான் உயிரீற்றுக்கு உரிய விதி வந்து ககரத்தை மிகுவிக்கிறது. ஒப்பவும் என்ற அந்த ஒரு சொல்லில் வரிசை அடங்கியிருக்கிறது. இதை நீயாகவே கண்டுபிடித்தாய் என்பதால்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எழுதிய தம்பிகள் ஆர்வம் என்ற சொல்லை ஓய்வு நேரத்துக்குரிய ஒன்றாகவே கையாளுகிறார்கள். மொழியியல் அப்படிப்பட்டதன்று, அதற்கும் ஆசிரியர் வேண்டும், பயிற்சி வேண்டும், தவறுகளைத் திருத்த ஆள் வேண்டும். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை உரையோடு ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்பதற்கும் தானே புரட்டிப் பார்ப்பதற்கும் வேறுபாடு பெரிது. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும், முதல் பருவம் முடிவதற்குள் உனக்குப் பாடம் சொல்ல ஒருவரைக் கண்டுபிடித்துவிடு. அது தமிழ்த்துறையிலோ ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டிலோ இருக்கலாம். வாரத்துக்கு ஒரு மாலை போதும், ஆனால் அந்த மாலை தவறக் கூடாது.

கல்வெட்டைப் பற்றியும் சொன்னாய். ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்து, இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்தறிந்த அவரே, சிந்துவெளி எழுத்துகள் ஒவ்வொன்றும் எங்கெங்கே வருகின்றன என்று காட்டும் தொடரடைவைக் கணினியின் துணையோடு தொகுத்து 1977இல் வெளியிட்டார். அந்தக் காலத்துக் கணினி எப்படியிருந்திருக்கும் என்று நீ எண்ணிப் பார். இரண்டு துறைகளும் ஒரே பட்டச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற தேவை அவருக்கு இருந்ததில்லை. அதே நேரத்தில், எல்லோருக்கும் அந்த உறுதி இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது என்பதை அறிவேன்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மா, நீங்கள் சொன்ன நூற்பாவை இரவே எடுத்துப் படித்தேன்.

ஏட்டுக்கணக்கு ஐயா சொன்னபடி ஐதராபாத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் 26,000 ரூபாய்க் கணக்கைக் காட்டினேன். கடையை அடகு வைப்பதாகத்தான் அவர் எண்ணியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிறுசேரி அண்ணாவின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். நிறுவல் கேள்விகளில் சில எனக்கு மிகவும் பிடித்தன. சிலவற்றில் அயர்ச்சி வந்தது. ஒரு மொழியைப் பற்றிய கேள்வியாக இருந்தால் அந்த அயர்ச்சி வந்திருக்காது என்று தோன்றுகிறது.

என் தோழி ஒருத்தி வேறொரு வழியையும் சொன்னாள். பி.ஏ. தமிழை ஒரு கல்லூரியில் முழுநேரமாகப் படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியலையும் படிக்கலாமே என்கிறாள். இது நடைமுறையில் முடியுமா?


இரவல்நேரம் எழுதியது:

முடியும்; நான் அப்படித்தான் வேறொரு கலைப் பட்டத்தோடு சேர்த்துப் படித்து வருகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி வழங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் அந்தப் படிப்பு 2020இல் தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களை முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் அடிப்படை நிலைக்குள் நுழையலாம்; பின்னர் டிப்ளமா, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாகப் போகலாம், இடையில் நிறுத்தினாலும் அந்த நிலைக்குரிய சான்றிதழ் உண்டு. பாடங்கள் இணையவழியில் வந்தாலும் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றுதான் எழுத வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். உங்களைப் போலக் கிண்டியில் இடம் கிடைக்கக்கூடியவர் அதை விட்டுவிட்டு இப்படிப் படிக்கத் தேவையில்லை. வாரந்தோறும் ஒப்படைப்புகள் வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து படிக்கும் நண்பர்கள் இருக்க மாட்டார்கள். நள்ளிரவில் ஒரு பிழையைச் சேர்ந்து தேட இன்னொருவர் இருப்பதில் கிடைக்கும் கல்வி, தனியே காணொளி பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை.


கிண்டிக்காரன் எழுதியது:

ஐதராபாத் நண்பர் சொன்னதில் ஒன்றை மறுக்க வேண்டும். ஓர் ஆர்வத்தைத் தொடர்வது வேறு, பல ஆர்வங்களுக்கு இடம் விட்டு வைப்பது வேறு. அவர் சொல்லும் இரட்டைப் பட்டம் முதல் தேவைக்கு மிகச் சிறந்த விடை. இரண்டாவதற்கு அது விடையே அன்று. பதினேழு வயதில் மொழியியல் என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சேர்கிறவருக்கு, மூன்றாமாண்டில் கணிதத்தின் மீதோ கல்வெட்டின் மீதோ காதல் வந்தால், ஆய்வேட்டை என்ன செய்வது? தங்கை தன் முதல் பதிவிலேயே எது நிலைக்கும் என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறார்.


ஐதராபாத்திலிருந்து எழுதியது:

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆய்வை இடையில் விட நேர்ந்தால் பி.டெக். பட்டத்தோடு மட்டும் வெளியேற முடியுமா, முடியும் என்றால் எந்த நிபந்தனையோடு என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குவது நல்லது. ஆய்வேடு ஐந்தாண்டுக்குள் முடியாமல் நீளும் வாய்ப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எனினும் அவர் நேற்று எழுதியதையும் பாருங்கள். மொழியைப் பற்றிய கேள்வியானால் அயர்ச்சி வந்திருக்காது என்கிறார். அது பல ஆர்வங்களுள் ஒன்றைப் பற்றிப் பேசுபவரின் பேச்சாக எனக்குப் படவில்லை.


அறுநூறு வாக்கியம் எழுதியது:

என் பெயரைக் கண்டு வியக்க வேண்டாம். தமிழ்த் தொடர்களின் இலக்கண அமைப்பைக் குறித்து உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்திவரும் மர வங்கிகளுள் முதன்மையான ஒன்று 600 வாக்கியங்களைக் கொண்டது. அது உருவானது பிராகு நகரத்துச் சார்லசு பல்கலைக்கழகத்தில். எட்டுக் கோடிக்கு அருகில் பேசுவோர் உள்ள ஒரு மொழிக்கு இது எவ்வளவு சிறியது என்பதை எண்ணி எண்ணித்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.

இரண்டையும் அறிந்தவர்களுக்கான தேவை மிகப் பெரிது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். ஒரு வினையெச்சம் எங்கே வினையோடு முடிகிறது, எங்கே துணைவினையாகத் தேய்ந்துவிட்டது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 'வந்து விட்டான்' என்பதில் இருக்கும் 'விட்டான்' எந்த வகை என்று முடிவு செய்யாமல் ஒரு வாக்கியத்தைக்கூடக் குறிக்க முடியாது.

தேர்வைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எந்தத் துறைக்குள் பிற்காலத்தில் நுழைய முடியும், எதற்குள் நுழைவது கடினம் என்று பாருங்கள். எம்.ஏ. மொழியியலுக்கு எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையமும் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகமும் பல துறைகளிலிருந்து வந்தவர்களை வளர்த்திருக்கின்றன. கணினி அறிவியலில் நான்காண்டு கற்றவர் இருபத்திரண்டாம் வயதில் மொழியியலுக்கு வரலாம், அவரை வரவேற்பார்கள். எதிர்த் திசையில், கலைப் பட்டத்திலிருந்து கணினி அறிவியலின் ஆழத்துக்குப் போவது முடியாததன்று என்றாலும், ஒவ்வொரு படியிலும் கணிதத் தகுதியைக் காட்டச் சொல்வார்கள். ஆகவே கடனின்றிக் கணினி அறிவியலைப் படித்து, கணிதத்தையும் விடாமல் வைத்திருந்து, மொழியியலுக்கு இரண்டு ஆண்டுகளைப் பிறகு முழுமையாகக் கொடுப்பது ஒரு நல்ல வரிசை. ஐதராபாத்தில் கட்டண உதவி கிடைத்தால் மட்டும் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன்.


பொருநைக்கரை எழுதியது:

ஐதராபாத்திலிருந்து விடை வந்தது. மிகுந்த அன்போடு எழுதியிருக்கிறார்கள். உதவி உண்டு, ஆனால் முதலாண்டுக்கே பெரிய தொகையை நாங்கள் புரட்ட வேண்டியிருக்கும். பின் ஆண்டுகளுக்கு இப்போது உறுதி சொல்ல இயலாது என்றார்கள். அதைப் படித்த பிறகு நானும் அப்பாவும் நெடுநேரம் பேசினோம்.

கிண்டியைத் தேர்ந்தெடுக்க முடிவு செய்திருக்கிறேன். இது மற்ற இரண்டையும் விட உயர்ந்தது என்று எண்ணி எடுத்த முடிவு இல்லை. ஐதராபாத்தில் கிடைக்கும் ஒலியனியல் வகுப்பு இங்கே கிடைக்காது. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வயதில் கடனில்லாமல் இருந்தால், அண்ணாமலைக்கோ ஐதராபாத்துக்கோ வேறெங்குமோ போக வேண்டும் என்று அப்போது தோன்றினால், யாரையும் கேட்காமல் போக முடியும். சிறுசேரியை விட்டுக்கொடுப்பது எளிதாக இருந்தது என்பதிலிருந்து கணிதம் எனக்குத் துணையாக வேண்டியது, தனியாக வேண்டியதன்று என்று தெரிந்துகொண்டேன்.

கிண்டிக்காரன் அண்ணா, முதல் பட்டதாரிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு பதிவேற்றியிருக்கிறேன். டாகோலா ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களையும் உள்ளே விடுவார்களா? அம்மா, சென்னையில் எழுத்ததிகாரம் பாடம் சொல்லக்கூடிய யாரையேனும் உங்களுக்குத் தெரியுமா?


மாடக்குளம் எழுதியது:

தெரியும். என்னிடம் படித்த ஒருத்தி கோட்டூர்புரத்துக்கு அருகிலேயே வசிக்கிறாள்; கல்லூரியில் கற்பிக்கிறாள். அவளிடம் இன்று காலை பேசிவிட்டேன். சனிக்கிழமை மாலைகளில் வரச் சொன்னாள். தனி மடலில் முகவரி அனுப்புகிறேன். இளம்பூரணர் உரை உள்ள பதிப்பை வாங்கிக்கொண்டு போ.


கிண்டிக்காரன் எழுதியது:

முதலாண்டில் யாரும் உங்களைத் தேடி வந்து அழைக்க மாட்டார்கள். நீங்கள் போய்க் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள் என்று நம்புகிறேன். எழுதிய நிரலைக் கையோடு எடுத்துப் போங்கள். கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்தவுடன், குறிப்பிட்ட கால வரம்புக்குள் அதை ஏற்று உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் போய்விடும். அந்த நாட்களில் ஊரில் மின்சாரமோ இணையமோ தடைபட்டால் அருகிலுள்ள பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்கு நேரில் போய்விடுங்கள். சிறுசேரியில் ஏற்கெனவே கட்டணம் செலுத்தியிருந்தால் இடத்தை விடுவதை உடனே எழுதித் தெரிவியுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. உங்கள் இடத்துக்காக அங்கே இன்னொருவர் காத்திருப்பார்.